பந்தியில் பூட்டிய பம்புகள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். காரமடையைத் தாண்டி, மேட்டுப்பாளையம் போகும் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு ஊரின் கல்யாண மண்டபம். அதன் சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற மேஜைகளின் மேல், என் கம்பெனியின் தண்ணீர் பம்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் வாசலில் நின்றுகொண்டு, என் தொழிற்சாலையைப் பார்வையிட சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த அதிகாரிக்கு ஃபோனில் வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மாரியம்மன் கோயில் ஆர்ச் வரும் சார். அதுக்குள்ள வாங்க. வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கும். அதுதான் நம்ம ஃபேக்டரி."

"வாழைமரமா?" என்றார் எதிர்முனையில் அவர்.

நியாயமான கேள்விதான். நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

கோவைக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன பம்புகள் செய்கிற கம்பெனி என்னுடையது. கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஷெட்டின் ஒரு மூலையில் நின்று தும்மினால் மறு மூலையில் "நூறு வயசு" என்று பதில் வரும். எங்கள் பேட்டையில் எல்லாக் கதவிலும் "ஆள் தேவை" போர்டு தொங்கும். என் கதவில் தொங்கியது துருப்பிடித்து, "ஆள் தே" வரைக்கும்தான் படிக்க முடிந்தது. உள்ளூர்ப் பையன்கள் சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போய், பொட்டலத்தோடு பைக்கில் பறந்தார்கள். வடக்கேயிருந்து வந்தவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால், திரும்புவது ஹோலிக்கு முன்னாலா பின்னாலா என்று அவர்களுக்கே தெரியாது.

ஆகவே நாங்கள் ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தோம். அதற்கென்றே பேட்டை வாசலில் ஒரு டீக்கடை இருந்தது. யாருடைய ஆளாவது அங்கே தனியாக உட்கார்ந்து போண்டா தின்றால், இன்னொரு முதலாளி எதேச்சையாக வந்து பக்கத்தில் உட்காருவார். என் பக்கத்துக் கம்பெனிக்காரர் இதில் கைதேர்ந்தவர். எனக்கு மோட்டாருக்கு காயில் சுற்றிக்கொண்டிருந்த நல்ல ஆளை ஒரே ஒரு போண்டாவில் தூக்கிப்போனார். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டும்.

எங்களைப் பேச வைத்தது பக்கத்திலிருந்த பாலிடெக்னிக்கின் பயிற்சி ஆசிரியை. முப்பது வயசுக்குள் இருக்கும். வேகமாக நடப்பவர், அதைவிட வேகமாகப் பேசுபவர். பேட்டையில் பம்ப் செய்கிற ஐந்து முதலாளிகளை ஒரு வகுப்பறையில் மாணவர்கள் பெஞ்சில் உட்காரவைத்து, கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார்:

"நீங்க அஞ்சு பேரும் ஒருத்தர் ஆளை ஒருத்தர் இழுத்துட்டு இருக்கீங்க. மொத்தத்துல ஒரு ஆளு கூடக் கூடலைங்க சார். இந்தக் குடத்துத் தண்ணிய அந்தக் குடத்துல ஊத்துறீங்க, அதைத் திரும்ப இதுல ஊத்துறீங்க. வழியில சிந்துறதுதான் மிச்சம்."

பெஞ்சில் இடிபட்டு உட்கார்ந்திருந்த பக்கத்துக் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆசிரியையின் திட்டம் எளிமையானது. இடமும் சொல்லிக்கொடுப்பதும் பாலிடெக்னிக்குடையது. மெஷின், உதிரி பாகம், பயிற்சிக் காலத்துச் சம்பளம் எங்கள் ஐந்து பேருடையது. ஆட்களைத் திரட்டுவது சுற்றுவட்டாரத்து ஊராட்சித் தலைவர்கள் பொறுப்பு. எல்லாரும் ஒரே முறையில் கற்றுக்கொள்வார்கள். யார் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே வேலை செய்யலாம். முதல் அணியில் வந்தது பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருகிற பெண்கள்.

பயிற்சி முடிந்து, நாங்கள் அவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். உள்ளே போனால் நாற்காலிகள் திருப்பிப் போடப்பட்டிருந்தன. அவர்கள் எங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"ஏனுங், உங்க கம்பெனில லேடீஸ் பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இருக்குதுங்களா?"

இருபது வருடமாக அந்தக் கம்பெனியை நடத்துகிறேன். பதில் தெரியவில்லை. வெளியே போய், மேனேஜருக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டு வந்து, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இருக்கும்" என்றேன். அந்த நேர்மைக்காகவே சிலர் என்னைத் தேர்ந்தெடுத்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். வேலை நேரத்தையும் பள்ளிக்கூட மணிக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் வாழ்க்கையில் நடந்த பெரிய சேதங்கள் எல்லாம் அது வேலை செய்த நாட்களில்தான் நடந்திருக்கின்றன. எனக்கு வேண்டிய அத்தனை பேரையும் ஒரே ஊரிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஒரே வேன், ஒரே நிறுத்தம், யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டாம். ஜப்பான்காரர்கள் எழுதிய நிர்வாகப் புத்தகங்களை நிறையப் படித்தவன் நான். வீண் காத்திருப்பை ஒழிப்பது பற்றி முதலாளிகள் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேசினேன், படம் போட்டு.

ஆசிரியை மட்டும் மெல்லக் கேட்டார்: "சார், ஒரே ஊர்னா ஒரே நோம்பிங்களே?"

எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழாவை நோம்பி என்போம். நான் சிரித்தேன். "ஒரு நாள் லீவு விட்டாப் போச்சுங்க அம்மணி" என்றேன். பிறந்து வளர்ந்தது இதே மண்ணில்தான். ஆனால் வெகுநாளாக அடுக்குமாடியில் குடியிருப்பதால், நோம்பி எனக்கு வாட்ஸப்பில் வரும் வாழ்த்துப் படமாகச் சுருங்கியிருந்தது.

பெண்கள் வேலைக்கு வந்து சில மாதங்களில் ஒரு பெரிய நிறுவனம் சோதனை ஆர்டர் கொடுத்தது. முந்நூறு பம்ப். அவர்கள் ஆள் வந்து, வேலை நடக்கும் விதத்தையும் பம்பையும் பார்ப்பார். திருப்தியானால் வருஷம் முழுக்க ஆர்டர். அதை நம்பித்தான் அத்தனை பெண்களையும் நிரந்தரமாக்குவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மற்ற நான்கு முதலாளிகளும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்கள். என்னுடையது ஊத்திக்கொண்டால், அடுத்த அணிக்குப் பங்கு போட மாட்டார்கள். பழையபடி டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

நோம்பி வருகிறது என்று பெண்கள் முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் சொன்ன நாட்களுக்குப் பிறகுதான் பார்வையிட வருவதாக ஏற்பாடு. நடுவில் அந்த நிறுவனத்திலிருந்து ஃபோன். கோடைக் கிராக்கி அதிகமாக இருக்கிறதாம். கொஞ்சம் முன்கூட்டியே வரலாமா, அன்றைக்கே சரக்கையும் லாரியில் ஏற்றிவிடலாமா என்று கேட்டார்கள். பெரிய நிறுவனம் நம்மிடம் அனுமதி கேட்கிறதே என்ற பூரிப்பில் காலண்டரைப் பார்க்காமல் "தாராளமா வாங்க" என்று சொல்லிப்போட்டேன்.

பார்வையிட வருவதற்கு முந்தின நாள் காலையில் வேன் டிரைவர் கூப்பிட்டார்.

"சார், வண்டி காலியா வருதுங்க."

"ஏன், வீட்டுக்கு வீடு போய்க் கூப்பிட்டுப் பாக்கலாமே?"

"கம்பம் நட்டாச்சுங்க சார். நாளான்னிக்கு மஞ்சத்தண்ணி வரைக்கும் யாரும் எல்லைக்கல்லைத் தாண்ட மாட்டாங்க. நான் வெளிய இருந்தப்ப நட்டுட்டாங்க, இப்ப உள்ள போனா அப்புறம் வெளிய வர முடியாதுங்க. நானும் அந்த ஊருதாங்க."

வேறு ஊர்களில், காப்புக் கட்டினால் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த ஊரில் கோயில் முன்னால் நோம்பிக் கம்பம் நட்டுவிட்டால், கடைசி நாள் மஞ்சள் நீராட்டு வரைக்கும் ஊர்க்காரர்கள் கால்கூட எல்லைக்கு வெளியே படாது. அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பம்பின் பாகங்கள் எல்லாம் தயாராக, கடைந்து, பெயிண்ட் அடித்து, காயில் சுற்றி அடுக்கியிருந்தன. ஒன்றோடொன்று பொருத்திப் பூட்ட ஆளில்லை.

எங்கள் பெண்களில் ஒருவர் மதியம் ஃபோன் செய்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் பாக்குத் தரம் பிரிக்கிற வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சார், வரமுடியாததுக்கு மன்னிச்சுக்கோங்க. ஆர்டர் என்னாகுமுங்க? என்ற பழைய எடத்துக்கு வேற ஆளு போட்டுட்டாங்க. இதுவும் போச்சுன்னா நான் எங்கயும் இல்லீங்க."

"பாத்துக்கலாம்" என்றேன். எதைப் பார்ப்பது? ஆசிரியையை வரச் சொன்னேன். அவர் வந்து, அடுக்கியிருந்த பாகங்களைப் பார்த்துவிட்டு, கூட்டுத் திட்டத்தில் இருக்கிற மற்ற முதலாளிகளைக் கேட்கலாம் என்றார். கேட்டோம். பக்கத்துக் கம்பெனிக்காரர் சுவருக்கு அந்தப்பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, தலையை மட்டும் நீட்டினார்.

"என்ற ஆளுகள்ல நாலு பேரு தாரேன் தம்பி. எச்சாக் கேக்காத, எனக்கும் டெலிவரி இருக்குது. நாலு பேர வெச்சு முந்நூறு பூட்டுனா ஆடி மாசம் ஆயிரும்." ஒரு வினாடி யோசித்துவிட்டு, கிண்டலாக, "ஆளு வரலைன்னா மேஜையத் தூக்கிட்டு அங்க போயிரு!" என்றார்.

அவர் தமாஷுக்குச் சொன்னது. நான் சிரிக்கக்கூட ஆரம்பித்தேன். ஆசிரியை சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து ஊராட்சித் தலைவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

ஒரு மணி நேரத்தில் அந்த ஊர் எல்லைக்கல்லருகே நின்றுகொண்டிருந்தோம். தலைவர் அம்மா கல்லுக்கு அந்தப்பக்கம், நாங்கள் இந்தப்பக்கம். அவர் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து.

"எல்லை தாண்டப்படாதுங்கறதுதாங்க கட்டு. கையக் கட்டிட்டு ஒக்காரோணும்னு ஆத்தா சொல்லலீங்களே. வாங்க, மண்டபம் காலியாத்தான் கெடக்குது" என்றார். பிறகு நிபந்தனைகள். செருப்புப் போட்டு உள்ளே வரக் கூடாது. மேளம் அடிக்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. கவுச்சி தின்றவர்கள் உள்ளே வரக் கூடாது. கடைசியாக, நாளை மத்தியானம், நோம்பிக்கு வரும் சொந்தக்காரர்களான ஒறம்பரைக்கெல்லாம் சாப்பாடு. அதற்குள் கூடத்தைக் காலி செய்து, கழுவிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூன்றாவதற்கு மட்டும், நேற்றைய பிரியாணியை நினைத்து, வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன்.

பாகங்களையும் கைப் பிரஸ்ஸையும் சோதனைத் தொட்டியையும் பக்கத்துக் கம்பெனிக்காரரின் லாரியில்தான் ஏற்றினோம். தன் ஜெனரேட்டரையும் அவரே தூக்கிவைத்தார். கேட்டதற்கு, "நீ கவுந்தா அடுத்த பேட்ச் எனக்குக் கெடைக்காது பாரு. உனக்காக இல்ல" என்றார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்.

அன்று சாயங்காலமே மண்டபத்தில் வேலை தொடங்கிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் நீள நீளமான மேஜை வரிசைகள். ஒரு பக்கம் மட்டும்தான் உட்கார முடியும். மறுபக்கம் பரிமாறுகிறவர் நடக்கும் வழி. பெண்கள் புதுச் சேலை, தலையில் பூ, மணிக்கட்டில் கயிறு என்று நோம்பிக் கோலத்திலேயே வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். பாகங்களை ஒரு மூலையில் குவித்திருந்தோம். எங்கள் கம்பெனியில் எப்படியோ அப்படியே: பேரிங் தீர்ந்தால் எழுந்துபோய் எடுத்து வருவது, தண்ணீர் கசியாமல் அடைக்கும் சீல் தீர்ந்தால் எழுந்துபோய் எடுத்து வருவது.

இதைப் பார்க்கப் பொறுக்காத ஒருவர் அங்கே இருந்தார். பாக்கு மண்டியை விட்டு வந்த பெண்ணின் வீட்டுக்காரர். ஊரில் எந்த விசேஷமானாலும் பந்தி பரிமாறும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். இடுப்பில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று பார்த்தார். ஒரு பெண் எழுந்தார். இன்னொருவர் எழுந்தார். மூன்றாவது ஆள் எழுந்தபோது அவருக்குத் தாங்கவில்லை.

"இதென்னுங்க கூத்து! பந்தியில ஒக்காந்தவிய எந்திரிக்கலாமுங்களா? ஊருக்கே மருவாதி போயிருமுங்க. ஒக்காருங்க அம்மணி! என்ன வேணும், சொல்லுங்க!"

சமையல் கட்டுக்குள் போனார். சாம்பார் வாளியோடு வந்தார். அதில் பேரிங்கைக் கொட்டிக்கொண்டு வரிசையில் நடக்க ஆரம்பித்தார்.

"பேரிங்… பேரிங்… பேரிங்…"

ரசம் கேட்கிற அதே ராகம். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு இது தொழில் மரியாதை. பின்னாலேயே அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர், பாயசக் குண்டாவில் சீல், பொரியல் தட்டில் வாஷர்.

"ஏனுங், எனக்கு சீல் வெக்கலீங்க!"

"வாரேன் கண்ணு, வாரேன். சுத்தமாத் தொடச்சுத்தான் வெப்பேன்."

அவர் மனைவி தலையைத் தூக்காமல், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "ஊட்டுல ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்ததில்லீங்க இந்த மனுசன். இங்க பாருங்க, கேக்காமயே வாஷர் வெக்குது."

"ஊட்டுல நீ ஒருத்தி. இது பந்தி!" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் போனபின் ஆசிரியை என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். கண்கள் விரிந்திருந்தன. "சார், கவனிச்சீங்களா? யாரும் எந்திரிக்கவே இல்லை."

கவனித்தேன். யாரும் எழவில்லை, யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. நல்ல பரிமாறுகிறவர் இலையைப் பார்த்துத்தான் நடப்பார். சோறு குறையும்போதே அடுத்த கரண்டி வந்துவிடும். அதேபோல் மேஜைமேல் பேரிங் குறையும்போதே வாளி வந்தது. வரிசையின் தலைப்பில் வெறும் கூடாக நுழைந்தது, கைக்குக் கை நகர்ந்து, வரிசையின் கடைசியில் பம்பாக வெளியே வந்தது. எங்கள் ஷெட்டில் இதே ஆட்கள் இதே வேலையைச் செய்யும்போது பாதி நேரம் நடந்துகொண்டிருப்பார்கள். வேலை செய்கிறவரைத் தேடிப் பொருள் வர வேண்டும் என்று மூன்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டிருக்கிறேன். கலர் பேனாவில். நூற்றுக்கணக்கான கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் இருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை, இலையிலேயே கவனமாக இருந்திருக்கிறேன்.

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வரிசைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஓடினேன். நானும் ஒரு வாளியைத் தூக்கினேன். "சார், நீங்க எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டா வெக்கறீங்க. அக்கட்டால நில்லுங்க" என்று பரிமாறும் தலைவர் வாளியை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி கம்பத்து ஆட்டத்துக்கு மேளம் கேட்டதும் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் மீண்டும் வரிசை. பத்து மணிக்கு, ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த ஃபோன்.

அதிகாரி வந்து இறங்கினார். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, சிரிப்பைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்த முகம். வாழைமரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஷூவைக் கழட்டிருங்க சார்" என்றேன். பார்வையிடல் அப்படித்தான் தொடங்கியது.

உள்ளே வந்தவர் கதவருகே நின்றுவிட்டார். பேரிங்… பேரிங்… என்று வாளி போய்க்கொண்டிருந்தது. பூ வாசமும் கிரீஸ் வாசமும் கலந்து ஒரு வாசம்.

"இது நிரந்தர ஏற்பாடா?" என்றார்.

"மஞ்சத்தண்ணி வரைக்கும் சார்."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தேதியைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதையும் சேர்த்து. அவர் வரிசையோரமாக மெல்ல நடந்தார். முடிந்த பம்புகளில் தன் இஷ்டத்துக்குச் சிலவற்றைத் தொட்டுக் காட்டி, தொட்டியில் ஓட்டச் சொன்னார். அந்தச் சோதனைத் தண்ணீர் வீணாக வேண்டாமென்று தலைவர் அம்மா முதல் நாளே குழாய் போடச் சொல்லியிருந்தார். அது வெளியே மஞ்சள் நீராட்டுக்கான சிமெண்டுத் தொட்டிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பம்ப் ஓடும்போதும் வெளியிலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தது. கடைசியில் ஒரு பம்பைப் பிரிக்கச் சொன்னார். சீலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளிகள் நின்றன. ஆசிரியை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி சீலைக் கீழே வைத்துவிட்டு, "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது வெளியே மேளம். ஒறம்பரை வந்துவிட்டது. கூட்டம் கூட்டமாக, குடும்பம் குடும்பமாக. கூடத்தைக் காலி செய்ய வேண்டிய நேரம். இன்னும் ஐம்பது அறுபது பம்ப் பாக்கி. சாயங்காலம் லாரி.

ஒப்புக்கொண்ட வார்த்தை வார்த்தைதான். "சரி, எழுந்திருங்க. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த "அப்புறம்" எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பாக்கு மண்டிப் பெண் கையிலிருந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார். சத்தமே வராமல் வைத்தார்.

வாசலில் தலைவர் அம்மா நின்றிருந்தார். வரிசையைப் பார்த்தார், பாதி பூட்டிய பம்புகளைப் பார்த்தார்.

"யாரும் எந்திரிக்க வேண்டாம்" என்றார். "உண்டு முடியாம பந்தியில எலையெடுக்கற பழக்கம் இந்த ஊர்ல இல்லீங்க. ஒறம்பரைக்குக் கோயில் பந்தல்ல பாய் விரிங்க. இன்னிக்கு அங்க ஒக்காந்து உண்ணட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நிமிஷம் ஊரே எழுந்து ஓடியது. பாய்கள், இலைக்கட்டுகள், அண்டாக்கள் எல்லாம் பந்தலுக்குப் பறந்தன. ஒரே ஒரு சிக்கல்: சாம்பாருக்கு வாளி இல்லை. வாளி பூராவும் பேரிங். வீட்டு வீட்டுக்கு ஆள் ஓடி வாளி கொண்டுவந்தார்கள். இன்னொரு சிக்கல்: பரிமாறும் தலைவர் இப்போது இரண்டு பந்திக்கு வேண்டும். தவித்துப்போய் நின்றார்.

தன் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளக் காலையிலேயே வந்திருந்த பக்கத்துக் கம்பெனிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். "அந்த வாளிய இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

என் காயில் ஆளைப் போண்டாவில் தூக்கிப்போன மனிதர், என் பெண்களின் வரிசையில், குனிந்து குனிந்து பேரிங் பரிமாறிக்கொண்டு போனார். என்னைக் கடக்கும்போது, "உன்ற ஆளுகளுக்கு நான் பரிமாறற நெலம வந்துபோச்சு பாத்தியா தம்பி" என்றார். "அடுத்த பேட்ச்ல மொதல்ல நான்தான் எடுப்பேன், சொல்லிப்போட்டேன்!"

"தாழ்ப்பாள் போட்டாச்சுங்களாண்ணா?" என்றேன். வருஷக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு அவரிடம் நான் சிரித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதிகாரியைப் பந்தலில் பாயில் உட்காரவைத்தோம். முதலில் மறுத்தார், தலைவர் அம்மாவிடம் மறுக்க முடியவில்லை. அவர் சாப்பிடுவதைத் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு குறைந்தது, சோறு வந்தது. சாம்பார் வடிந்தது, ரசம் வந்தது. அவர் பாதி உருண்டையில் நிறுத்திவிட்டு, பரிமாறும் தலைவரின் கால்களையே பார்த்தார். பிறகு திரும்பி, மண்டபக் கதவு வழியாக உள்ளே தெரிந்த வரிசையைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"நான் எதுவுமே கேட்கலை. எல்லாம் வந்துடுச்சு" என்றார்.

"ஆமாங்க சார்."

"நீங்க திரும்ப ஷெட்டுக்குப் போனதும் லைனை இதே மாதிரி வெப்பீங்களா? வெச்சா வருஷ ஆர்டருக்கு நான் எழுதறேன். பழையபடி வெச்சா மாட்டேன்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பாயசம் உண்டா?" என்றார்.

பாயசக் குண்டாவில் சீல் இருந்தது. அதைக் கழுவி எடுப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

கடைசி பம்ப் வரிசையின் முனைக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பாக்கு மண்டிப் பெண்தான் அதை ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் பீறிட்டு வெளித்தொட்டியில் விழ, பிள்ளைகள் கத்த, மேளக்காரர்கள் என்னவென்று தெரியாமலே ஒரு தாளம் போட்டார்கள். வருஷ ஆர்டர் கிடைக்கிறது, எல்லாருக்கும் வேலை நிரந்தரம் என்று நான் ஒரு சொற்பொழிவாக ஆரம்பிக்கப் பார்த்தேன். முதல் வாக்கியத்துக்கு மேல் யாரும் விடவில்லை. பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். பந்தி முடிந்துவிட்டது அல்லவா, இப்போது எழலாம். லாரி எல்லைக்கல்லைத் தாண்டும்வரை கூடவே நடந்து வந்து, கல்லுக்கு உள்பக்கமே நின்று கைகாட்டினார்கள்.

மறுநாள் மஞ்சள் நீராட்டுக்கு என்னையும் பக்கத்துக் கம்பெனிக்காரரையும் வரச் சொன்னார்கள். எங்கள் பம்புகள் இறைத்த அந்தத் தொட்டித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து எங்கள் இருவர் தலையிலும் குடம் குடமாக ஊற்றினார்கள். அவருக்கு இரண்டு குடம் கூடுதலாக ஊற்றச் சொன்னேன், அந்தப் போண்டாவுக்காக.

இப்போது எங்கள் ஷெட்டில் மேஜைகள் பந்தி வரிசையில்தான் இருக்கின்றன. பரிமாறும் தலைவரும் எங்களோடுதான். பாகங்களை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது, வாளியைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். அவர் மனைவி அடுத்த அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார். ஆட்களை மூன்று ஊரிலிருந்து எடுக்கிறோம். மூன்று ஊரின் நோம்பித் தேதிகளும் என் மேஜைக்கு எதிரே தொங்குகின்றன. ஃபோனில் யார் எதைக் கேட்டாலும் முதலில் என் கண் அங்கேதான் போகும்.

எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் நான் இலையை விட்டுவிட்டுப் பரிமாறுகிறவரின் கால்களையே பார்ப்பதாக என் மனைவி திட்டுகிறாள். பார்க்கத்தான் செய்கிறேன்: ஆள் கிடைக்கவில்லை என்று இருபது வருடம் கதவில் போர்டு மாட்டிவைத்துக் காத்திருந்த எனக்கு, மேஜையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு தடவை அவர்கள் ஊருக்குள் போனபோது கிடைத்த ஆள், ஆர்டர் எல்லாம் அந்தப் பரிமாறும் கால்களின் பின்னால்தான் நடந்து வந்தது.